வீணாவதைக் கணக்கெடுத்த மேதை ஸ்டைன்மெட்ஸ்



மெஷின்ஸ் லேபில் டிரான்ஸ்ஃபார்மர் ஓபன் சர்க்யூட் டெஸ்ட் செய்யாமல் எலெக்ட்ரிகல் பிரிவில் யாரும் கரையேறியது கிடையாது. எதிர்ப்பக்கச் சுருளில் ஒன்றையும் இணைத்திருக்க மாட்டோம். ஒரு பல்புகூட எரியாது. ஆனாலும் வாட்மீட்டர் முள் கொஞ்சம் நகர்ந்து நிற்கும். அந்த வாட் எங்கே போகிறது என்று வைவாவில் கேட்பார்கள். அயர்ன் லாஸ் என்று சொல்லித் தப்பித்துவிடுவோம். கொஞ்சம் படிக்கிற பையன் என்றால் ஒன்று புள்ளி ஆறு என்ற எண்ணையும் ஸ்டைன்மெட்ஸ் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்வான். மார்க் வந்துவிடும். அதோடு அந்தப் பெயரை நாம் எல்லோரும் மறந்தாச்சு.

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டபோது எனக்கு அந்த மறந்த பெயர்தான் ஞாபகம் வந்தது. காரணம் உண்டு. மின்சார ஸ்கூட்டரும் காரும் தெருவுக்குத் தெரு ஓடும் காலம் இது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதுதான் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி. பேட்டரியைப் பெரிதாக்கினால் விலையும் எடையும் ஏறும். மோட்டாரிலும் அதை ஓட்டும் இன்வெர்ட்டரிலும் வீணாவதைக் குறைத்தால் அதே பேட்டரியில் கூடுதல் தூரம் போகலாம். இந்த வேலையின் முதல் பக்கத்தை எழுதியவர், நூறு ஆண்டுக்கு முன்பே மறைந்துவிட்ட சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ்.

1865 ஏப்ரல் 9-ஆம் தேதி அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அது இன்று போலந்தில் இருக்கிறது. பிறக்கும்போதே முதுகு கூன். இடுப்பு எலும்பும் சரியில்லை. தாத்தாவுக்கும் தகப்பனாருக்கும் இருந்த அதே குறை. வளர்ந்து ஆளான பிறகும் உயரம் சுமார் நான்கு அடிதான். குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். பாட்டிதான் வளர்த்தார். கணக்கில் மட்டும் பிள்ளை படுசுட்டி. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர்தான் புரோட்டியஸ். கிரேக்கப் புராணத்தில் நினைத்த உருவம் எடுக்கும் கிழவரின் பெயர் அது. அவர் அதற்குக் கோபப்படவில்லை. பிற்பாடு அதையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

ஜெர்மனியில் பிஸ்மார்க் சோஷலிசக் கட்சியைத் தடை செய்திருந்த காலம். மாணவர் ஸ்டைன்மெட்ஸ் சோஷலிசப் பத்திரிகை வேலையில் இறங்கினார். போலீஸ் பின்னாலேயே வந்தது. டாக்டர் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில், 1888-இல் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. சூரிக்கில் கொஞ்ச காலம் படித்துவிட்டு, 1889-இல் ஆஸ்முசென் என்ற நண்பரோடு நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

அங்கேதான் கதை முடிந்திருக்க வேண்டியது. கையில் காசில்லை. ஆங்கிலம் சரளமில்லை. கூன் முதுகு. இந்த ஆளால் நாட்டுக்கு என்ன பிரயோஜனம் என்று அதிகாரிகள் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கூட வந்த நண்பர் பொறுப்பேற்றுக்கொண்டு பேசியதால்தான் உள்ளே விட்டார்கள். இந்த ஒரு கட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த நண்பர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் மின்பொறியியல் எத்தனை ஆண்டு பின்தங்கியிருக்குமோ!

நியூயார்க்குக்குப் பக்கத்து ஊரான யாங்கர்ஸில் ருடால்ஃப் ஐக்கமேயர் என்பவர் தொழிற்சாலை வைத்திருந்தார். அவரும் ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்தவர்தான். தொப்பி செய்யும் இயந்திரங்களில் தொடங்கி மின்மோட்டார்களுக்கு வந்தவர். ஸ்டைன்மெட்ஸை வரைபடம் போடும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சீக்கிரமே ஆளின் அருமை தெரிந்துபோய், ஒரு சிறு ஆய்வுக்கூடமும் அமைத்துக் கொடுத்தார்.

அப்போது மோட்டார் செய்கிறவர்களுக்கு ஒரு தீராத தலைவலி. மோட்டாரைக் கட்டி ஓட்டிப் பார்த்தால்தான் அது எவ்வளவு சூடாகும் என்று தெரியும். சூடு அதிகமானால் பிரித்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டும். செம்புக் கம்பியில் வீணாவதைக் கணக்குப் போட முடிந்தது. இரும்பில் வீணாவதைத்தான் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

இரும்பில் ஏன் வீணாகிறது? மாறுமின்னோட்டத்தில் காந்தத்தின் திசை ஒவ்வொரு சுற்றிலும் புரண்டு புரண்டு மாறுகிறது. இரும்பு உடனே புரளாது, கொஞ்சம் தயங்கும். பாடப்புத்தகத்தில் காந்தத் தயக்கம் என்று படித்தோமே, அதேதான். ஒவ்வொரு தயக்கத்துக்கும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகும். போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு போகிறது என்பதுதான் தெரியாது.

ஸ்டைன்மெட்ஸ் உட்கார்ந்து அளந்தார். பிரிட்டனில் ஈவிங் வெளியிட்டிருந்த அளவீடுகளை எடுத்து ஆராய்ந்தார். பிறகு தானே விதவிதமான இரும்பு, எஃகு மாதிரிகளைச் சோதித்தார். 1892 ஜனவரியில் அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் முடிவைப் படித்தார். ஒரு சுற்றில் வீணாகும் ஆற்றல், காந்தப்பாய அடர்த்தியின் 1.6 அடுக்குக்கு ஏற்ப ஏறும். அதாவது பாயத்தை இரண்டு மடங்காக்கினால் இழப்பு சுமார் மூன்று மடங்காகும். பாயத்தை பத்து சதவிகிதம் குறைத்தால் இழப்பு சுமார் பதினைந்து சதவிகிதம் குறையும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அன்றிலிருந்து மோட்டாரைக் கட்டுவதற்கு முன்பே, காகிதத்தில் அதன் இழப்பைக் கணக்குப் போட முடிந்தது. அப்போது அவருக்கு வயது 26.

இந்த 1.6 எந்தத் தத்துவத்திலிருந்தும் வந்ததல்ல. அளந்த எண்களுக்குப் பொருந்தி வந்த எண், அவ்வளவே. அடர்த்தி மிக அதிகமானால் அது மாறும், இரும்பின் ரகத்துக்கு ரகமும் மாறும். ஆகவே இன்றைய பொறியாளர்கள் அந்த அடுக்கை அளவீட்டிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சமன்பாட்டுக்குப் பெயர் இன்றும் ஸ்டைன்மெட்ஸ் சமன்பாடுதான்.

அடுத்த ஆண்டே இன்னொரு பெரிய வேலை செய்தார். மாறுமின்னோட்டச் சுற்றுகளைக் கணக்கிட அன்று கால்குலஸ் போட்டுப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. அதைக் கலப்பெண்களைக் கொண்டு சாதாரணக் கூட்டல் பெருக்கலாக ஆக்கலாம் என்று 1893-இல் சிகாகோ மாநாட்டில் காட்டினார். நாம் பரீட்சையில் ஜே போட்டு எழுதிய அத்தனை கணக்கும் இவர் கைங்கரியம். பாஸானவர்கள் எல்லாரும் அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டியதுதான்!

புதிதாக உருவான ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி, ஐக்கமேயரின் தொழிலை வாங்கியது. அதோடு ஸ்டைன்மெட்ஸும் அங்கே போனார். 1894 முதல் ஸ்கெனெக்டடி நகரம்தான் அவருக்குச் சொந்த ஊர். சுமார் இருநூறு காப்புரிமைகள். 1901-இல் மின்பொறியாளர் கழகத்தின் தலைவர். 1902 முதல் அந்த ஊர் யூனியன் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். டாக்டர் பட்டம் வாங்காமல் ஊரைவிட்டு ஓடியவருக்கு, அந்தக் கல்லூரியே 1903-இல் டாக்டர் பட்டம் கொடுத்தது.

தன் உடற்குறை பிள்ளைகளுக்கும் வந்துவிடும் என்று பயந்து அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனால் தனிமரமாக நிற்கவும் இல்லை. தன்னிடம் உதவியாளராக இருந்த ஹேடன் என்ற இளைஞரைத் தத்தெடுத்து, அவர் மனைவி மக்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். மூன்று பேரக்குழந்தைகளுக்கு அருமைத் தாத்தா. நகரக் கல்வி வாரியத்துக்குத் தலைவராக இருந்து, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்காகத் தனி வகுப்புகள் கொண்டுவந்தார். ஒரு காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவருக்குத்தானே ஒதுங்கி நிற்கிறவர்களின் வலி தெரியும்!

ஃபோர்டு தொழிற்சாலையில் இயந்திரத்தின் மேல் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு ஆயிரக்கணக்கான டாலர் பில் அனுப்பிய கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அது மேடைக்கு மேடை சொல்லும் கதை. அதை விட்டுவிட்டு, பலருக்குத் தெரியாத மின்சாரக் கார் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டைன்மெட்ஸ் மின்சாரக் காரின் பரம ரசிகர். அவரிடம் 1914-ஆம் ஆண்டு மாடல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார் ஒன்று இருந்தது. அதை யூனியன் கல்லூரி இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது. ஹாரி டே என்பவரோடு சேர்ந்து இவர் வகுத்த மோட்டாரின் அமைப்பு சுவாரஸ்யமானது. சாதாரணமாக மோட்டாரில் ஒரு பாகம் நிற்கும், ஒரு பாகம் சுழலும். இதில் இரண்டுமே சுழலும். ஒன்று இடது சக்கரத்தை ஓட்டும், மற்றது வலது சக்கரத்தை. ஆகவே டிஃபரென்ஷியல் பற்சக்கரமே தேவையில்லை. எடை குறையும், பல்லோடு பல் உரசி வீணாவதும் குறையும். 1920-இல் அவர் பெயரிலேயே ஒரு மின்வண்டிக் கம்பெனி தொடங்கியது. 1922-இல் புரூக்லின் வீதியில் அதன் சரக்கு வண்டி ஓடியது.

ஆனால் காலம் எதிராகப் போய்விட்டது. பெட்ரோல் காரைக் கை வலிக்கச் சுழற்றிக் கிளப்ப வேண்டிய தொல்லை, 1912-இல் காடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்ததோடு தீர ஆரம்பித்தது. ஃபோர்டின் மாடல் டி வருஷா வருஷம் மலிவானது. பேட்டரியோ கனமாகவே இருந்தது. 1923 அக்டோபர் 26-ஆம் தேதி, 58-ஆவது வயதில், ஸ்டைன்மெட்ஸ் தன் வீட்டிலேயே காலமானார். அவருக்குப் பின் அந்தக் கம்பெனியும் நிலைக்கவில்லை. மின்சாரக் காரும் வெகுகாலம் வீதியிலிருந்து மறைந்தது.

தம்பி தங்கைகளே, இனிமேல் சொல்வது உங்கள் புராஜெக்டுக்கு. எட்டுத் துருவ மோட்டார் நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடினால் அதன் மின்னோட்டம் வினாடிக்கு 800 தடவை புரள்கிறது. நம் வீட்டு மின்சாரம் 50 தடவைதான். ஆக, இரும்பு 16 மடங்கு அதிகமாகத் தயங்கிச் சூடாகிறது. சுழல் மின்னோட்ட இழப்போ, மற்றதெல்லாம் மாறாமலிருந்தால், 16-இன் வர்க்கமாக 256 மடங்கு ஏறும். அதனால்தான் இன்றைய கார் மோட்டாரின் தகடுகளை மெல்லியதாக்குகிறார்கள். அரை மில்லிமீட்டர் தகட்டைக் கால் மில்லிமீட்டர் ஆக்கினால் சுழல் மின்னோட்ட இழப்பு நான்கில் ஒரு பங்காகும்.

இன்னொன்று. நகரத்தில் கார் முழு பலத்தோடு ஓடும் நேரம் குறைவு. மெதுவாக, லேசான சுமையில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. அப்போது இன்டக்‌ஷன் மோட்டாருக்கு முழுக் காந்தப்பாயம் கொடுப்பது தண்டச் செலவு. பாயத்தைக் குறைத்தால் இரும்பு இழப்பு குறையும். அதிகமாகக் குறைத்தாலோ, அதே திருப்புத்திறனுக்குச் சுழலியில் ஓட்டம் கூடி செம்பு இழப்பு ஏறும். இரண்டும் சேர்ந்து எங்கே மிகக் குறைவோ, அந்த இடத்தைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒவ்வொரு கணமும் தேடிப் பிடிக்க வேண்டும். நிலைக்காந்த மோட்டாரில் காந்தத்தை அணைத்து வைக்க முடியாது. ஓட்டம் கொடுக்காமல் சும்மா சுழன்றாலும் இரும்பு சூடாகத்தான் செய்யும். இதையெல்லாம் கணிக்க இன்றும் தொடக்கப்புள்ளி 1892-ஆம் ஆண்டுச் சமன்பாடுதான்.

மோட்டாரின் ஓட்டத்தைப் பாயத்துக்கு ஒரு கூறு, திருப்புத்திறனுக்கு ஒரு கூறு என்று பிரித்து ஆளும் வெக்டர் கன்ட்ரோல், 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருப்பெற்றது. அதன் கணக்கும் சிகாகோவில் அவர் போட்ட கலப்பெண் பாதையில்தான் வருகிறது. சிலிக்கன் கார்பைடு சுவிட்சுகள் இன்வெர்ட்டரில் வீணாவதை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனால் எந்தப் புதுப்பொருள் வந்தாலும் முதல் வேலை ஒன்றேதான். எவ்வளவு வீணாகிறது, எங்கே வீணாகிறது என்று முதலில் அளக்க வேண்டும். அளக்காமல் சிக்கனம் பேசுவது வெறும் பேச்சு.

துறைமுகத்தில் ஒரு மனிதரின் உருவத்தைப் பார்த்து எடை போட்டவர்களுக்கு, எது வீணாகப் போக இருந்தது என்பது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற நண்பருக்குத் தெரிந்திருந்தது. நம் வகுப்பறையிலும் கடைசி பெஞ்சில், ஆங்கிலம் தடுமாறிக்கொண்டு, யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவருக்காக ஒரு வார்த்தை பேசும் நண்பராக நாம் இருந்தால் போதும்.

அடுத்த தடவை மெஷின்ஸ் லேபில், ஒன்றும் இணைக்காத டிரான்ஸ்ஃபார்மரில் வாட்மீட்டர் முள் நகரும்போது, ரெக்கார்டில் எண்ணை எழுதுவதற்கு முன் அந்த நான்கு அடி மனிதரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.