குடும்பத்தையே அழைத்த அம்மையார்

இம்மலருக்கு வாழ்க்கை வரலாறு ஒன்று எழுதித் தருமாறு சங்கத்தார் கேட்டனர். நாடாண்டவர், நூல் யாத்தவர், வானை அளந்தவர் வரலாறுகள் நம் மலரில் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் சமூகப் பணி பயில்பவன். என் துறையில் பெரும்புகழ் பெற்று மறைந்த ஒருவரைப் பற்றி எழுத எண்ணினேன். அவர் அமெரிக்க நாட்டு வர்ஜீனியா சட்டீர் அம்மையார். உள்ளம் நலிந்தவரை மட்டும் தனியே வைத்துப் பார்க்காமல், அவருடைய தாய் தந்தையரையும் உடன்பிறந்தாரையும் ஒரே அறையில் அமர வைத்துப் பேசியவர். எங்கள் பாடநூல்களில் குடும்பச் சிகிச்சை என்று தனி அதிகாரம் பெற்றுள்ள முறைக்கு வித்திட்டவர்களுள் முன்வரிசையில் நிற்பவர்.

விஸ்கான்சின் மாநிலத்தில் நீல்ஸ்வில் என்னும் சிற்றூரில் 1916 ஜூன் 26ஆம் நாள் அவர் பிறந்தார். உழவர் குடும்பம். குழந்தைகள் ஐவரில் அவரே மூத்தவர். மூன்று வயதிற்குள் தாமாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாராம். ஒரே அறை கொண்ட அவ்வூர்ப் பள்ளியின் நூலகத்தில் இருந்த நூல்கள் அனைத்தையும் ஒன்பது வயதிற்குள் படித்து முடித்தாராம். இவற்றைவிட என் நெஞ்சில் நிற்பது அவருடைய ஐந்தாம் வயதில் நடந்த ஒன்று. குடல்வால் வீங்கி வயிற்று வலியால் குழந்தை துடித்தது. தாயோ நோயை வழிபாட்டினாலேயே தீர்க்க வேண்டும் என்று நம்பும் ஒரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். மருத்துவரிடம் கொண்டு செல்ல அவர் உடன்படவில்லை. தந்தை மனைவியின் சொல்லை மீறிக் குழந்தையைத் தூக்கிச் சென்றபோது குடல்வால் வெடித்துவிட்டிருந்தது. உயிர் பிழைத்தது; ஆயினும் பல மாதம் மருத்துவமனையிலேயே கிடக்க நேர்ந்தது. அந்த வயதில்தான், வளர்ந்தபின் பெற்றோர்களைத் துப்பறிந்து குழந்தைகளுக்குச் சொல்பவளாக வேண்டும் என்று அவர் முடிவு செய்துகொண்டாராம். சிரிப்பு வருகிறது. ஆனால் அன்பு மிக்க இருவர் தம் குழந்தையின் உயிரை வைத்துக்கொண்டு வழக்காடுவதைக் கண்ட குழந்தைக்கு வேறு எந்த ஐயம் தோன்றும்?

அத்தாயைக் கொடியவர் என்று நாம் எண்ணிவிடலாகாது. மகள் உயர்நிலைப் பள்ளியில் படித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, 1929இல் பண்ணையை விட்டு மில்வாக்கி நகருக்குக் குடும்பத்தையே குடிபெயரச் செய்தவரும் அதே தாய்தான். மருத்துவரை மறுத்தவரும் கல்வியை அளித்தவரும் ஒருவரே. சட்டீர் அம்மையாரின் தொழில் முழுவதையும் விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்பது என் கருத்து.

நகருக்கு வந்த வேளை பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் வேளை. பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே பள்ளிப் படிப்பை விரைந்து முடித்து, 1932இல் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். கடையில் வேலை செய்தார். பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கூலியில் படித்தார். பின்பு ஆசிரியையாக அமர்ந்தார். மற்ற ஆசிரியர்கள் வகுப்பறையோடு நிறுத்திக்கொள்ள, இவர் மாணவர்களின் வீடுகளுக்குச் சென்று பெற்றோரோடு பேசினார். வகுப்பில் முரடனாகவோ மந்தனாகவோ தோன்றும் சிறுவன், வீட்டுத் திண்ணையில் வேறொருவனாக விளங்குவதைக் கண்டார். கோடை விடுமுறைகளில் சிக்காகோ சென்று சமூகப் பணி பயிலத் தொடங்கி, பிறகு முழுநேர மாணவியாகி, சிக்காகோ பல்கலைக் கழகத்தில் 1948இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அக்கால அமெரிக்க உளமருத்துவத்தின் போக்கை இங்குச் சொல்லியாக வேண்டும். நோயாளியும் மருத்துவரும் மட்டுமே அறையில் இருப்பர். உறவினர் உள்ளே வந்தால் சிகிச்சை கெடும் என்பது பொது விதி. போதாக்குறைக்கு, மனச்சிதைவு நோய்க்குத் தாயின் குணமே காரணம் என்ற கருத்தும் 1940களின் இறுதியில் பரவியது. பிள்ளை நோயுற்ற துயரோடு, பிள்ளையை நோயாளி ஆக்கியவள் என்ற பழியும் தாயின் தலையில் விழுந்தது.

1951இல் சட்டீர் அம்மையார் சிக்காகோவில் தனியே தொழில் நடத்தி வந்தார். மனச்சிதைவு என்று பிற மருத்துவர்கள் முடிவு கட்டிய இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். ஏறத்தாழ ஆறு மாதத்தில் நன்கு தேறினாள். அப்போது ஒரு நாள் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் அப்பெண்ணின் தாய். மகளின் அன்பைத் தம்மிடமிருந்து பிரித்துவிட்டதாக அம்மையார்மீது வழக்குத் தொடரப் போவதாகச் சீறினார். வேறு யாராயினும் வழக்கறிஞரைத் தேடி ஓடியிருப்பர். அம்மையாரோ சொல்லை விட்டுக் குரலைக் கேட்டார். அச்சுறுத்தும் சொற்களுக்கு அடியில் கெஞ்சும் குரல் ஒன்று இருப்பதாக அவருக்குப் பட்டது. வாருங்கள் என்று அழைத்துவிட்டார்.

தாய் வந்தார். என்ன ஆயிற்று தெரியுமா? ஆறு மாதம் தேறி வந்த மகள், தாய் அறையில் அமர்ந்ததும் முதல் நாள் இருந்த நிலைக்கே திரும்பிவிட்டாள்! சிகிச்சை தோற்றது என்று அம்மையார் எழுந்துவிடவில்லை. இருவர் கண்ணும் கையும் எவ்வாறு அசைகின்றன, ஒருத்தி பேசும்போது மற்றவள் முகம் என்ன ஆகிறது என்று கூர்ந்து பார்த்தார். வாய் ஒன்று சொல்ல உடல் வேறொன்று சொல்வதைக் கண்டார். சில காலத்தில் தாயும் மகளும் அமைதியாகப் பேசத் தொடங்கினர். இந்த வீட்டில் தந்தை ஒருவரும் இருப்பாரே என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு வந்தது. தந்தையை அழைத்தார், கட்டிய சமநிலை மீண்டும் குலைந்தது, மீண்டும் கட்டினார். பிறகு வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு மகன், குடும்பத்தின் செல்லப்பிள்ளை, வந்து சேர்ந்தான். மறுபடியும் குலைவு. இப்படி ஆள் ஆளாக வந்து சேர்ந்தபோதுதான், நோய் ஒருத்தியிடம் இருந்தாலும் அதைத் தாங்கும் கயிறுகள் வீட்டில் உள்ள எல்லாரிடமும் இருக்கின்றன என்பது அவருக்கு விளங்கிற்று. நூலில் படித்துப் பெற்ற கொள்கை அன்று இது. ஒரு தாயின் கோபத்தைக் காது கொடுத்துக் கேட்டதனால் வந்தது.

இங்கு ஓர் இடைச்செய்தி. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் நம் நாட்டில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பவர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியோடு உறவினரையும் தங்கச் செய்தார். நம் வேலூரிலும் 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் குடும்பத்தார் உடன் தங்கும் வழக்கம் இருந்தது. இவர்கள் சட்டீர் அம்மையாரைப் பின்பற்றியவர்கள் அல்லர். உறவினர் சூழாத கட்டில் ஏது நம் நாட்டில்? அமெரிக்கர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்த ஒன்று நமக்குக் கண்முன்னே கிடந்தது.

1955இல் இல்லினாய் உளமருத்துவ நிலையத்தில் இளம் மருத்துவர்களுக்கு இம்முறையைக் கற்பித்தார். 1959 அளவில் கலிபோர்னியா சென்று, பாலோ ஆல்டோவில் டான் ஜாக்சன் முதலியோருடன் மனநல ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, பயிற்சித் துறையின் தலைமை ஏற்றார். 1964இல் அவருடைய முதல் நூல் வந்தது. 1972இல் பொதுமக்களுக்காக எழுதிய நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

அவருடைய முறையில் என்னைக் கவர்ந்தது, மனித உள்ளத்தை அவர் உடலால் காட்டிய விதம். வீட்டில் நெருக்கடி வந்தால் மனிதர் நான்கு வகையாக நடந்துகொள்வர் என்றார். ஒருவர் எதற்கும் தம்மையே நொந்துகொண்டு கெஞ்சுவார். ஒருவர் பிறரைக் குற்றம் சாட்டுவார். ஒருவர் உணர்ச்சியே இல்லாதவர்போல் நியாயம் பேசுவார். ஒருவர் தொடர்பற்ற ஏதோ பேசிப் பேச்சைத் திருப்புவார். (நம் விடுதியில் மாதக் கணக்கு வரும் நாளன்று உணவுக்கூடத்தில் இந்நால்வரையும் காணலாம்.) இதைச் சொல்லிவிட்டு அவர் அமர்ந்துவிட மாட்டார். கெஞ்சுபவரை மண்டியிட்டுக் கை நீட்டச் சொல்வார். குற்றம் சாட்டுபவரை இடுப்பில் ஒரு கை வைத்து மறு கையால் விரல் நீட்டி நிற்கச் சொல்வார். சில சமயம் குடும்பத்தாரைக் கயிறுகளால் பிணைத்து, ஒருவர் அசைந்தால் மற்றவர் எப்படி இழுபடுகிறார் என்று காட்டுவார். சிறிது நேரம் அப்படி நின்றால் முழங்கால் வலிக்கும், தோள் கடுக்கும். இருபது ஆண்டுகளாக இப்படியா வீட்டில் நிற்கிறோம் என்று தந்தைக்கே தோன்றும். ஐந்தாவதாக ஒரு வழியை அவர் கற்பித்தார்: உள்ளம், சொல், முகம் மூன்றும் ஒத்துப் பேசுதல். கேட்க எளிது!

இன்னொரு கருத்து நமக்கு நெருங்கியது. வெளியே தெரியும் தொல்லை உண்மைத் தொல்லை அன்று. அதை எதிர்கொள்ள மனிதர் கைக்கொண்ட வழியே தொல்லை என்றார். வீட்டை விட்டு ஆயிரம் கல் தொலைவு வந்து படிக்கிறோம். ஒருவன் வகுப்புக்குச் செல்லாமல் அறைக்குள் படுத்தே கிடக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சோம்பேறி என்கிறோம் நாம். சேர்க்கை சரியில்லை என்கிறது வீடு. கண்டிப்பு இல்லாமல் வளர்த்துவிட்டார்கள் என்று பெற்றோரைப் பழிக்கிறார்கள் மற்றவர்கள். அவன் வீட்டிலிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் நலம் என்ற ஒரே சொல்லைச் சொல்லி வைத்துவிடுகிறான். அந்தச் சொல்லை எந்தக் குரலில் சொல்கிறான் என்று பக்கத்துக் கட்டிலில் இருக்கும் நாம் கேட்டிருக்கிறோமா?

அம்மையாரைக் குறை கூறியவர்களும் உண்டு. அன்பும் நம்பிக்கையும் இருந்தால் எல்லாம் ஆகும் என்று சமயப் பரப்பாளரைப்போல் பேசுகிறார் என்றனர் அவர் துறையினரே சிலர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. அவருடைய வெற்றியில் எவ்வளவு முறையினால் வந்தது, எவ்வளவு அவருடைய ஆளுமையினால் வந்தது என்று பிரித்தறிவது அரிது. ஏறத்தாழ ஆறடி உயரமும் உரத்த சிரிப்பும் உடைய அவர் கையைப் பற்றினால் பேசாதவரும் பேசினர். அதைப் பாடமாக்க முடியுமா? மேலும், மனச்சிதைவு குடும்பத்தால் உண்டாவதன்று, மூளையையும் மரபையும் சார்ந்த நோய், மருந்து இன்றியமையாதது என்று பிற்கால ஆராய்ச்சி தெளிவாக்கிவிட்டது. ஆனால் நோயைப் பற்றிக் குடும்பத்தாருக்கு விளக்கி, பேசும் முறையைச் சீர்செய்தால், நோய் திரும்பி வருவது குறைகிறது என்பதையும் அதே ஆராய்ச்சிதான் மெய்ப்பித்தது. தாயை அறைக்கு வெளியே நிறுத்தியவர்களைவிட, உள்ளே அழைத்தவரின் பக்கமே காலம் நின்றது என்பேன்.

அவருடைய சொந்த வாழ்க்கை இன்பமானதென்று சொல்வதற்கில்லை. இரு திருமணங்களும் மணவிலக்கில் முடிந்தன. பெண் குழந்தைகள் இருவரைத் தம் மகள்களாக ஏற்று வளர்த்தார். பிறர் குடும்பங்களைத் தேடி ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்றுகொண்டே இருந்தார். 1988இல் சோவியத் நாட்டிற்கும் சென்று கற்பித்துத் திரும்பினார். அவ்வாண்டிலேயே கணையப் புற்றுநோய் கண்டது. செப்டம்பர் 10ஆம் நாள் தம் 72ஆம் வயதில் கலிபோர்னியாவில் காலமானார். 1972இல் எழுதிய நூலைத் திருத்தி விரித்து அவர் அமைத்த புதிய பதிப்பும் அவ்வாண்டில்தான் வெளிவந்தது.