செல்பார்ன் கில்பர்ட் ஒயிட் ஐயர்

தூரதேசங்களைச் சுற்றிச் சிருஷ்டி நூலில் பெயர் பெற்றோர் பலர். பிறந்த ஊரிலேயே இருந்து பெயர் பெற்றோர் மிகச் சிலர். கில்பர்ட் ஒயிட் ஐயர் அச்சிலருள் ஒருவர்.

இங்கிலாந்து தேசத்தின் தென்பாகத்தில், ஹாம்ப்ஷயரில், செல்பார்ன் என்பதோர் சிற்றூர். ஊரையடுத்துச் சுண்ணாம்புக் குன்றொன்று உண்டு. அதன் சரிவில் பீச் மரங்கள் அடர்ந்திருக்கும். அவ்வூர்க் குருமனையில் 1720-ம் ஆண்டு ஜூலை மாதம் 18-ந் தேதி ஒயிட் ஐயர் பிறந்தார். அவர் பாட்டனாரே அப்போது அவ்வூர்க் குரு. ஆக்ஸ்போர்டில் ஓரியல் கலாசாலையிற் பயின்று 1743-ல் பட்டம் பெற்று, மறு ஆண்டில் அக்கலாசாலையின் அங்கத்தினராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். பின்னர்க் குருத்துவமும் பெற்றார்.

இத்துணைத் தகுதியுடையார்க்குத் தம் ஊர்க் குருவாகும் பேறு வாய்க்கவில்லை. அவ்வூருக்குக் குருவை நியமிக்கும் உரிமை மாட்லின் என்னும் வேறொரு கலாசாலையின் கையில் இருந்தது. ஆகவே அயலூர்களிலும் தம்மூரிலும் உதவிக்குருவாகவே அவர் ஊழியஞ் செய்தார். தூரத்திலிருந்த ஒரு சபையின் வருமானம் அவருக்குக் கிடைத்துவந்தது. ஆயினும் அங்கே அவர் குடியேறவில்லை. அஃது அக்காலத்து வழக்கமேயெனினும் புகழத்தக்கதன்று. விவாகமும் செய்துகொண்டிலர். செல்பார்னை விட்டுப் பிரிய அவர் மனம் இசையவில்லை.

1751-ல் தோட்டக் குறிப்பெழுதத் தொடங்கிய அவர், 1768 முதல் காற்றும் மழையும், பூக்கும் செடியும், வரும் பறவையும் நாடோறும் எழுதிவைத்தார். அக்காலத்து அறிஞர் பலர் உயிர்களைக் கொன்று பாடஞ்செய்து பெட்டியில் அடுக்கிப் பெயரிடுவதையே பெருங் கல்வியென மதித்தனர். ஒயிட் ஐயரும் வேண்டிய பொழுது பறவைகளைச் சுட்டுப் பார்த்ததுண்டு. ஆயினும் உயிரோடு நடமாடும் பிராணி ஒன்று மற்றொன்றை எவ்வாறு சார்ந்து வாழ்கின்றது என்பதே அவர் கருத்தைக் கவர்ந்தது. ஒன்றென எண்ணப்பட்டிருந்த சிறு கதிர்க்குருவிகளை அவற்றின் குரலால் மூவகையெனப் பிரித்தறிந்தவர் அவர்.

அருகேயிருந்த உல்மர் காட்டுக் குளங்களிற் கோடைக் காலத்து மாடுகள் முற்பகல் முதல் மாலை வரை நீரில் நிற்கும். அவை இடும் சாணத்திற் பூச்சிகள் மொய்க்கும். அப்பூச்சிகளால் மீன்கள் உணவு பெறும். மாடு வெயிலுக்கு அஞ்சி நிற்பது மீனுக்கு விருந்தாய் முடிகின்றது! எத்தனையோ பேர் கண்டு கடந்துபோன காட்சியை அவர் ஒருவரே நின்று சிந்தித்தார்.

இதனினும் சிறந்தது 1777-ம் ஆண்டு மே மாதத்தில் மண்புழுவைக் குறித்து எழுதியது. தோட்டக்காரரும் உழவரும் அப்புழுவைப் பகையாக எண்ணி வெறுத்த காலம் அது. ஒயிட் ஐயரோ, அது நிலத்தைத் துளைத்து மழைநீர் இறங்க வழி செய்வதையும், சருகும் துரும்பும் மண்ணுள் இழுப்பதையும், அது வெளிப்படுத்தும் மண் பயிருக்கும் புல்லுக்கும் எருவாவதையும் எடுத்துக்காட்டினார். பறவைகள் பலவற்றிற்கும் அதுவே இரை. புழு ஒழிந்தால் நிலம் இறுகி மலடாய்ப் போகும் என்பது அவர் துணிபு. இளமையிலே ஒயிட் ஐயரின் நூலைப் படித்துப் பறவைகளை உற்றுநோக்கப் பழகிய டார்வின், 1881-ல் மண்புழுக்களைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்.

மற்றொன்று உழவாரக் குருவியின் கணக்கு. ஆண்டுதோறும் தம்மூரில் எட்டு இணைகளே கூடு கட்டுவதை அவர் கண்டார். எட்டு இணையும் குஞ்சு பொரிக்க, மறு ஆண்டிலும் எட்டே வருகின்றன. பெருகியவை எங்கே போயின? விடை அவருக்குக் கிட்டவில்லை. ஓரிடத்தில் உயிர்களின் தொகை அளவிறந்து பெருகாமைக்குக் காரணம் யாது என்னும் அக்கேள்வியோ, இந்நாளில் சூழலியல் எனப்படும் கல்வியில் தலையாயவற்றுள் ஒன்று.

அவர் பிழைபட்ட இடமும் உண்டு. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் வேறு தேசம் செல்வதை அவர் ஒப்பினார். ஜிப்ரால்டரில் குருவாயிருந்த அவர் தம்பி ஜான், அவை கடல் கடப்பதைக் கண்டு எழுதியும் இருந்தார். எனினும் சில பறவைகளேனும் பொந்துகளில் உறங்கிக் கிடக்குமோ என்னும் ஐயம் அவரை விடவில்லை. ஆள் விட்டுத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. தேடிக் காணாததை மறையாது எழுதியமையே அவர் நேர்மைக்குச் சான்று.

பென்னன்ட், பாரிங்டன் என்னும் இருவர்க்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து, செல்பார்னின் இயற்கை வரலாறாக 1789-ல் அச்சிட்டார். நான்கே ஆண்டுகளுக்குப் பின், 1793-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி இறந்தார். அவ்வூர்க் கோயில் முற்றத்தில் உள்ள அவர் கல்லறைக் கல் மிகச் சிறியது. பெயரின் முதலெழுத்துக்களும் இறந்த நாளுமே அதிற் காணப்படும்.

அவர் அத்தையார் வளர்த்த ஆமையொன்றை, அவ்வம்மையார் இறந்தபின் 1780-ல் குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்து, தீமோத்தேயு என்னும் அதன் பெயராலேயே அழைத்து வளர்த்துவந்தார். அதன் ஓடு இன்றும் லண்டன் பொருட்காட்சிச்சாலையில் உள்ளது. அதனை ஆராய்ந்தோர், அவ்வாமை பெண் எனப் பின்னாளிற் கண்டனர்.