ஜிம் கார்பெட்: காயத்தின் தடத்தில் நடந்தவர்

நம் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. நம் தேசியக் காற்பந்துக் குழுவுக்கும் புலியின் பெயர்தான். அந்தப் புலியைப் பற்றி உலகமே படிக்கும்படி எழுதியவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்ட வேட்டைக்காரர் என்று பலரும் அவரை அறிவர். காயம்பட்ட விலங்கை அவர் ஒருபோதும் பாதியில் விட்டுச் செல்லவில்லை என்பதே என்னை அவருடைய வாழ்க்கைக்குள் இழுத்தது.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875 ஜூலை 25ஆம் நாள் வட இந்தியாவின் மலை நகரமான நைனிடாலில் பிறந்தார். தந்தை அஞ்சல் நிலைய அதிகாரி. சிறு வயதிலேயே தந்தையை இழந்ததால், தாயாரே பெரிய குடும்பத்தைக் காப்பாற்றினார். குளிர்காலத்தில் குடும்பம் காலாதுங்கி என்ற காட்டோரக் கிராமத்திற்கு இறங்கிவிடும். அங்கேதான் காலடித் தடத்தைப் பார்த்து விலங்கை அறியவும், பறவையின் கூச்சலைக் கேட்டு ஆபத்தை உணரவும் சிறுவன் ஜிம் கற்றுக்கொண்டார். பள்ளிப் படிப்புக்குப் பின் இரயில்வேயில் சேர்ந்தார். கங்கைக் கரையிலுள்ள மொகாமே காட்டில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளர்களை வழிநடத்தி சுமார் இருபது ஆண்டுகள் உழைத்தார்.

1907இல் சம்பாவத் என்ற ஊரில் அவருடைய பெயர் பரவியது. நேப்பாளத்திலும் குமாவோன் மலைகளிலும் 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட பெண் புலி அது. கார்பெட் அன்று கொண்டு சென்றவை மூன்றே தோட்டாக்கள். அவை தீர்ந்தபோதும், காயம்பட்ட புலி பாறைமேல் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கி வந்து மீண்டும் சுட்டார். வாயைக் குறிவைத்த அந்தக் குண்டு பாதத்தில்தான் பட்டது. முதலில் பட்ட காயங்களே புலியைச் சாய்த்திருந்தன.

புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. என்றோ ஒருவர் சுட்ட குண்டின் வேலை அது. பல் உடைந்ததால் காட்டு விலங்குகளைக் கொல்ல முடியாமல் போன புலி, எளிதில் கிடைத்த மனிதர்களைத் தேடி வந்தது. தவறாகப் பட்ட ஒரு குண்டு 436 உயிர்களுக்கு விலையானது. 1938இல் அவர் கடைசியாகச் சுட்ட தக் கிராமத்து ஆட்கொல்லியின் உடலிலும் பழைய குண்டுக் காயங்கள் இருந்தன.

குறி எங்கே படுகிறது என்பதுதான் எல்லாம். முன்னங்காலின் தோள்பட்டைக்குப் பின்னால் நுரையீரலும் இதயமும் உள்ளன. அங்கே பட்டால் விலங்கு விரைவில் விழும். சற்றுப் பின்னால் போனால் ஈரல். இன்னும் பின்னால் போனால் குடல். அப்போது விலங்கு பல மணி நேரம் வேதனையோடு அலையும். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைக் காட்டும். கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும். நாற்றமும் பச்சைக் கழிவும் கலந்திருந்தால் குடல் கிழிந்திருக்கிறது. அமெரிக்காவில் மானையும் எல்க்கையும் வில்லால் வேட்டையாடுவோருக்கும் இதே பாடம்தான். குடலில் அம்பு பட்ட மானை உடனே துரத்தினால் அது வெகுதூரம் ஓடி மறைந்துவிடும். பல மணி நேரம் பொறுத்திருந்து, பிறகு ஒவ்வொரு துளி இரத்தமாகத் தேடிச் செல்ல வேண்டும்.

ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த என் தாத்தாவும் இதையே வேறு விதமாகச் சொல்வார். செம்பனைக் கன்றுகளைத் தின்ன வரும் காட்டுப் பன்றி ஆளைக் கண்டால் ஓடிவிடும். அடிபட்ட பன்றியோ திரும்பி வரும்.

கார்பெட் இதை நன்கு அறிந்தவர். 1910இல் பனாரில், 400 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சிறுத்தையை இருட்டில் சுட்டார். அது காயத்தோடு நழுவியது. விடியும்வரை மரத்திலேயே இருந்திருக்கலாம். ஆனாலும் தீப்பந்தம் ஏந்திய கிராமத்தாருடன் அன்றிரவே தேடிப் போனார். சிறுத்தை பாய்ந்து வர, உடன் வந்தவர்கள் சிதறி ஓடினர். கீழே விழுந்த பந்தங்களின் வெளிச்சத்தில் அதைச் சுட்டு முடித்தார்.

அவர் குறையற்றவர் அல்லர். 1930இல் பவல்கர் காட்டில் யாருக்கும் தீங்கு செய்யாத பெரிய ஆண் புலியைப் பெருமைக்காகவே சுட்டார். தலையில் காயம்பட்டும் சாகாத அந்தப் புலியையும் தேடிச் சென்றே முடித்தார். ஆனால், அதைச் சுடாமலே விட்டிருந்தால் அந்த வேதனையே நேர்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் துப்பாக்கியைவிடத் திரைப்படக் கருவியையே அதிகம் கையில் எடுத்தார். 1936இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைய உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1944இல் வெளிவந்த குமாவோன் ஆட்கொல்லிகள் பற்றிய நூல் அவரை உலகப் புகழ் பெறச் செய்தது. 1947இல் கென்யாவுக்குக் குடிபெயர்ந்து, 1955 ஏப்ரல் 19ஆம் நாள் நியேரியில் காலமானார். அந்தப் பூங்கா இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் நாட்டிலும் தியோடர் ஹப்பேக் என்ற வேட்டைக்காரர் மனம் மாறிப் போராடியதால்தான் இன்றைய தாமான் நெகாரா உருவானது.

மாணவ நண்பர்களே, நம் காடுகளில் இன்று 150க்கும் குறைவான புலிகளே எஞ்சியுள்ளன. அவற்றுக்குப் பெரும் எதிரி துப்பாக்கியன்று, கம்பிக் கண்ணிதான். மானுக்கும் பன்றிக்கும் வைத்த கண்ணியில் புலி காலை மாட்டிக்கொள்கிறது. கண்ணி வைத்தவர் திரும்பி வராவிட்டால் அது அங்கேயே சாகும். அறுத்துக்கொண்டு தப்பினால் ஊனத்தோடு அலையும். சம்பாவத் புலியின் உடைந்த பல்லுக்கும் இந்தக் காலுக்கும் வேறுபாடு இல்லை. காட்டோரத்தில் கம்பிக் கண்ணியைக் கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். ஒரு காயத்தையாவது நம்மால் தடுக்க முடியும்.