உறவு பார்க்காத ரத்தம்

ஆண்டுதோறும் ஜூன் 14-ஆம் தேதி உலக ரத்தக் கொடையாளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2004 முதல் கொண்டாடப்பட்டுவரும் இந்த நாளுக்கு அந்தத் தேதி தற்செயலாக அமைந்ததல்ல. அது கார்ல் லாண்ட்ஸ்டைனர் பிறந்த நாள். ரத்த வங்கியில் அடுக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு பையின் மீதும் 'ஏ' என்றோ 'பி' என்றோ 'ஓ' என்றோ அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துகள் குறிக்கும் ரத்த வகைகளை மருத்துவ உலகுக்குக் கண்டறிந்து சொன்னவர் அவரே. ரத்தம் கொடுத்தவர்களிலும் பெற்றவர்களிலும் பெரும்பாலானோர் அவருடைய பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால், ரத்த தானத்தை நாம் ஏன் ஒரு வாழ்நாள் வழக்கமாகக் கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு விடை அவருடைய வாழ்க்கையிலும் ஆய்விலும் இருக்கிறது.

1868-ஆம் ஆண்டு ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு அருகில் உள்ள பாடன் என்ற ஊரில் லாண்ட்ஸ்டைனர் பிறந்தார். தந்தை லியோபோல்ட் வியன்னாவில் பெயர்பெற்ற பத்திரிகையாளர். மகனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அவர் காலமானார். அதன் பின்னர் தாய் ஃபானியின் அரவணைப்பிலேயே கார்ல் வளர்ந்தார். தாயின் மீது அவர் கொண்டிருந்த பற்று அளவற்றது. தாய் மறைந்தபோது அவருடைய முகத்திலிருந்து வார்த்தெடுத்த அச்சைத் தன் அறைச் சுவரில் மாட்டி, தன் இறுதிக் காலம் வரையில் அதை அகற்றாமல் வைத்திருந்தார்.

வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1891-இல் பட்டம் பெற்றார் லாண்ட்ஸ்டைனர். மருத்துவத் தொழிலில் இறங்கிப் பொருளீட்டும் வாய்ப்பிருந்தும் அவருடைய மனம் வேதியியலை நாடியது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் எமில் ஃபிஷர் உள்ளிட்ட புகழ்பெற்ற வேதியியலாளர்களிடம் சில ஆண்டுகள் பயின்றார். உடலின் நோய்களை வேதிப்பொருள்களின் வினையாகப் பார்க்கும் பார்வை அங்குதான் அவருக்கு வாய்த்தது.

அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றுவது என்பது உயிரைப் பணயம் வைக்கும் சூதாட்டமாக இருந்தது. 1667-இல் பிரான்ஸில் ழான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார். பின்னர் நோயாளி ஒருவர் இறந்துபோக, வழக்கும் சர்ச்சையும் மூண்டு, அந்தச் சிகிச்சை முறையே அங்கு தடைசெய்யப்பட்டது. 1818-இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டல் என்ற மகப்பேறு மருத்துவர், மனிதருக்கு மனித ரத்தத்தையே ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்துச் செயல்பட்டார். பிரசவத்தில் ரத்தம் இழந்து உயிருக்குப் போராடிய பெண்களுக்கு அவர் இந்த முறையைக் கையாண்டார். சிலர் பிழைத்தனர்; சிலர் இறந்தனர். ஒருவரைக் காப்பாற்றிய அதே சிகிச்சை இன்னொருவரை ஏன் கொன்றது என்பது யாருக்கும் விளங்கவில்லை. அந்தப் புதிர் அவிழ மேலும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1898 முதல் பத்தாண்டுகள் வியன்னா பல்கலைக்கழகத்தின் நோய்க்கூறியல் துறையில் லாண்ட்ஸ்டைனர் பணியாற்றினார். உடற்கூறாய்வே அங்கு அவருடைய அன்றாட வேலை. அந்தக் காலகட்டத்தில் அவர் செய்த உடற்கூறாய்வுகள் ஏறத்தாழ 3,600. இறந்தவர்களின் உடல்களுக்கிடையே நாளைக் கழித்த அவர், உயிருள்ளவர்களின் ரத்தத்தைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்.

இரு மனிதர்களின் ரத்தத்தைக் கலந்தால் சில நேரங்களில் செவ்வணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரள்வது அப்போதே கவனிக்கப்பட்டிருந்தது. அது ஏதோ நோயின் விளைவு என்று பலரும் நம்பினர். லாண்ட்ஸ்டைனர் அந்த நம்பிக்கையை ஐயுற்றார். நலமாக உள்ளவர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். அதற்காக அவர் வெளியே யாரையும் தேடிச் செல்லவில்லை. தன்னுடைய ரத்தத்தையும், ஆய்வுக்கூடத்தில் உடன் பணியாற்றிய ஐவரின் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரின் ரத்தத்திலிருந்தும் செவ்வணுக்களையும் தெளிநீரையும் பிரித்தார். ஒருவரின் தெளிநீரை மற்றவரின் செவ்வணுக்களோடு மாற்றி மாற்றிக் கலந்து, விளைவுகளை ஓர் அட்டவணையில் குறித்துக்கொண்டே வந்தார்.

அந்த எளிய அட்டவணை ஒரு பேருண்மையை வெளிப்படுத்தியது. சில சேர்க்கைகளில் செவ்வணுக்கள் திரண்டன. சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லை. அந்த ஒழுங்கைக் கொண்டு மனித ரத்தத்தை மூன்று வகைகளாக அவர் பிரித்தார். 1901-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை சில பக்கங்களே கொண்டது. அடுத்த ஆண்டில் மேலும் அதிகமானவர்களின் ரத்தத்தைச் சோதித்த அவருடைய சக ஆய்வாளர்கள், அரிதாகக் காணப்படும் 'ஏபி' என்ற நான்காவது வகையைக் கண்டறிந்தனர்.

இதன் அடிப்படை எளிமையானது. செவ்வணுக்களின் மேற்பரப்பில் 'ஏ' அல்லது 'பி' என்ற அடையாளப் பொருள் இருக்கும். சிலருக்கு இரண்டும் இருக்கும். சிலருக்கு இரண்டுமே இராது. தன்னிடம் இல்லாத அடையாளத்தை எதிர்க்கும் பொருள் ஒவ்வொருவரின் ரத்தத்திலும் இயல்பாகவே இருக்கிறது. பொருந்தாத ரத்தம் உள்ளே நுழைந்தால் அந்த எதிர்ப்பொருள்கள் புதிய செவ்வணுக்களைத் தாக்கி அழிக்கின்றன. சிறுநீரகம் செயலிழந்து உயிரே போகலாம். பிளண்டலின் நோயாளிகளில் சிலர் பிழைத்ததற்கும் சிலர் மாண்டதற்கும் இதுவே முக்கியமான காரணம்.

இந்தக் கண்டுபிடிப்பு உடனே கொண்டாடப்பட்டுவிடவில்லை. நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பர்க் என்ற மருத்துவர் 1907-இல் ரத்தப் பொருத்தம் பார்த்து ரத்தம் ஏற்றும் முறையைத் தொடங்கிவைத்தார். 1914-இல் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் என்பது கண்டறியப்பட்டது. முதல் உலகப் போரின்போது ரத்தத்தைச் சேமித்துவைத்துக் காயமுற்ற வீரர்களுக்கு ஏற்றும் முறை நடைமுறைக்கு வந்தது. 1921-இல் லண்டனில் பெர்சி ஆலிவர் என்பவர், மருத்துவமனை அழைத்ததும் வந்து ஊதியமின்றி ரத்தம் கொடுக்கும் தன்னார்வலர் குழுவைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியே உருவாக்கினார். 1937-இல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் ரத்த வங்கி என்ற பெயரே பிறந்தது. வியன்னாவில் ஆறு பேரின் ரத்தத்தில் தொடங்கிய ஆய்வு, நாற்பது ஆண்டுகளுக்குள் உலகம் முழுவதும் உயிர் காக்கும் அமைப்பாக வளர்ந்தது.

அதற்குள் லாண்ட்ஸ்டைனரின் வாழ்க்கை பல இடர்ப்பாடுகளைச் சந்தித்திருந்தது. 1908-இல் எர்வின் போப்பருடன் இணைந்து, இளம்பிள்ளை வாதம் தொற்றுநோயே என்பதைக் குரங்குகளில் நிறுவிக் காட்டினார். அத்தகைய ஆய்வாளருக்குப் போருக்குப் பிந்தைய வியன்னாவில் ஆய்வைத் தொடர வழியில்லாமல் போயிற்று. மனைவியையும் சிறு மகனையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் தி ஹேக் நகருக்குச் சென்று, சிறிய மருத்துவமனை ஒன்றில் வழக்கமான ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளைச் செய்யும் பணியை ஏற்றார். அங்கும் ஓய்ந்த நேரங்களில் ஆய்வுகளைத் தொடர்ந்தார். பின்னர் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. ரத்த வகைகளைக் கண்டறிந்ததற்காக 1930-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோது அவருக்கு வயது 62. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே ஏறத்தாழ 30 ஆண்டுகள் உருண்டோடியிருந்தன.

பணி ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு விலகவில்லை. 1940-இல் அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து 'ஆர்எச்' காரணியை வெளிப்படுத்தினார். ரத்த வகையோடு நாம் சேர்த்துச் சொல்லும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற பிரிவு அதிலிருந்து வந்ததுதான். ஆர்எச் நெகட்டிவ் தாயின் வயிற்றில் ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை வளரும்போது, தாயின் உடல் குழந்தையின் செவ்வணுக்களையே எதிர்க்கத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது. குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து பிறந்ததற்குத் தாயின் மீது பழி சுமத்தப்பட்டுவந்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தத் துயரத்தின் காரணத்தை மருத்துவம் அறிந்துகொள்ள இந்தக் கண்டுபிடிப்பு வழிவகுத்தது.

அதைத் தடுக்கும் 'ஆன்டி-டி' ஊசி மருந்து பின்னர் உருவானது. அது கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பெறப்படுகிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிசன் இளம் வயதில் நுரையீரல் அறுவை சிகிச்சையின்போது பிறர் கொடுத்த ரத்தத்தால் உயிர் பிழைத்தவர். 18 வயது நிரம்பியதும் தானம் செய்யத் தொடங்கிய அவர், 2018-இல் 81 வயதில் ஓய்வு பெறும் வரையில் 1,173 முறை கொடையளித்தார். ஊசியைக் கண்டால் அவருக்கு அச்சம். ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கையை நீட்டினார். லாண்ட்ஸ்டைனரைப் போன்ற ஓர் அறிஞர் கண்டறிந்த உண்மை குழந்தைகளின் உயிராக மாறுவதற்கு, ஹாரிசனைப் போன்ற எளிய மனிதர்கள் மீண்டும் மீண்டும் வர வேண்டியிருக்கிறது.

1943 ஜூன் மாதம் ஆய்வுக்கூடத்தில் பணியில் இருந்தபோதே லாண்ட்ஸ்டைனருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. கையில் ஆய்வுக்குழாயுடன் சாய்ந்த அவர், இரண்டு நாள்களுக்குப் பின்னர் ஜூன் 26-ஆம் தேதி உயிர் நீத்தார்.

அவர் விட்டுச் சென்ற பாடத்தை நாம் முழுமையாகக் கற்றுக்கொண்டோமா என்பதே இப்போதைய கேள்வி. ரத்த பந்தம், ரத்த உறவு என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால், ரத்தம் உறவு பார்ப்பதில்லை. உடன்பிறந்தவரின் ரத்தம் பொருந்தாமல் போகலாம். பெயர்கூடத் தெரியாத ஒருவரின் ரத்தம் மிகச் சரியாகப் பொருந்தலாம். சாதி, மதம், மொழி என்று மனிதர்கள் வகுத்த பிரிவுகளில் எதையும் அவருடைய அட்டவணை அங்கீகரிக்கவில்லை.

இந்த அறிவியல் உண்மைக்கு மாறாகவே நம் நடைமுறை பல இடங்களில் இருக்கிறது. விபத்தோ பிரசவச் சிக்கலோ நேர்ந்தவுடன்தான் உறவினர்களையும் நண்பர்களையும் தேடி ஓடுகிறோம். நோயாளியின் படுக்கைக்கு அருகில் இருக்க வேண்டிய குடும்பம், செல்பேசியில் ரத்தம் கேட்டு அலைகிறது. உறவினர் யாரும் இல்லாதவர், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி ஆகியோரின் நிலை இன்னும் கொடிது. இந்தத் தவிப்பைப் பயன்படுத்தி, வறியவர்கள் பணத்துக்காகத் தங்கள் ரத்தத்தை விற்கும் அவலம் நம் நாட்டில் நெடுங்காலம் நீடித்தது. உச்சநீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி முதல் ரத்தத்தை விலைக்கு வாங்குவது தடைசெய்யப்பட்டது. விற்பவரைச் சட்டம் தடுத்தது. அவருடைய இடத்தை நிரப்ப வேண்டியவர் விரும்பிக் கொடுக்கும் கொடையாளர்.

ஆண்டுக்கொரு முறை தலைவர்களின் பிறந்த நாளில் திரளாகக் கொடுப்பது மட்டும் போதாது. ரத்தத்தை ஆலையில் உற்பத்தி செய்ய முடியாது. நெடுநாள் சேமித்துவைக்கவும் முடியாது. செவ்வணுக்களை 35 முதல் 42 நாள்கள் வரையிலும், தட்டணுக்களை வழக்கமாக ஐந்து நாள்கள் வரையிலும் மட்டுமே வைத்திருக்க இயலும். ஒரே நாளில் குவிந்து பின்னர் வற்றிப்போகும் கொடையைவிட, ஆண்டு முழுவதும் சீராக வரும் கொடையே உயிர்களைக் காக்கும். தலசீமியா நோயுள்ள குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் தேவைப்படுகிறது. அந்தக் குழந்தையின் தேவை எந்த விழா நாளுக்காகவும் காத்திருப்பதில்லை.

பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. கிருமி தொற்றிய தொடக்க நாள்களில் பரிசோதனையில் அது தென்படாமல் போகக்கூடும். நெருக்கடியிலோ வற்புறுத்தலிலோ கொடுக்க வருபவர் தன் உடல்நிலை குறித்த தகவல்களை மறைக்க நேரலாம். தாமாக முன்வந்து முறையாகக் கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் பரிசோதிக்கப்படுகிறார். உண்மையை மறைக்க அவருக்குக் காரணமும் இல்லை. எனவேதான் தொடர்ந்து கொடுப்பவரின் ரத்தமே மிகவும் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது.

நம் நாட்டு விதிகளின்படி, 18 முதல் 65 வயது வரையிலான, குறைந்தது 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள நலமான எவரும் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். உடலில் உள்ள ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தத்தில் 350 அல்லது 450 மில்லி லிட்டர் மட்டுமே எடுக்கப்படுகிறது. இழந்த நீர்ப்பகுதியை உடல் ஓரிரு நாள்களில் ஈடுசெய்துவிடுகிறது. செவ்வணுக்கள் சில வாரங்களில் மீண்டும் உருவாகின்றன. ரத்தம் கொடுத்தால் உடல் நிரந்தரமாகத் தளர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு மருத்துவத்தில் இடமில்லை. நம்மில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே காணப்படும் நெகட்டிவ் வகையினர் அருகில் உள்ள ரத்த வங்கியில் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்வது பேருதவியாக இருக்கும்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நேரம். கேட்கப்படுவது அவ்வளவுதான். மருத்துவமனை வாயிலில் ஒரு தாயோ மகனோ கண்ணீரோடு நின்று கேட்கும் வரையில் நாம் காத்திருக்கத் தேவையில்லை. அவர்கள் கேட்பதற்கு முன்பே ரத்தம் அங்கு இருக்க வேண்டும். தன் கையிலிருந்து எடுத்த ரத்தத்தோடு தன் ஆய்வைத் தொடங்கினார் லாண்ட்ஸ்டைனர். நாமும் அவ்வாறே நம்மிடமிருந்தே தொடங்கலாம்.