காற்றோடு பழகிய ஓட்டோ லிலியந்தால்

ஹட்டனில் வாழும் நமக்கு மலைக்காற்றின் குணம் தெரியாததன்று. காலையில் வெயில் காயும். சற்று நேரத்தில் மூடுபனி எதிரே நிற்கும் ஆளையும் மறைத்துவிடும். 1974 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, கட்டுநாயக்காவில் இறங்க வந்த விமானம் சப்த கன்னி மலையில் மோதி 191 பேர் மாண்டதை நம் பெரியோர் இன்றும் சொல்லி வருந்துவர். ஆகாயத்தில் ஏறுவதினும் இறங்குவதே அரிது. இதனைத் தம் உடலாலேயே கற்று, முடிவில் உயிரையும் கொடுத்தவர் ஜெர்மனி தேசத்து ஓட்டோ லிலியந்தால்.

1848 மே 23ஆம் தேதி ஆங்க்லாம் என்னும் ஊரில் பிறந்த இவர், சிறுவயதிலேயே தம்பி குஸ்டாவுடன் நாரைகள் பறப்பதைப் பார்த்துப் பார்த்து ஆராய்ந்தார். பின் பெர்லினில் பொறியியல் கற்று, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். அதன் இலாபத்தில் நாலில் ஒரு பங்கைத் தொழிலாளருக்கே கொடுத்தார் என்பதை, தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நாம் குறித்துக்கொள்ளலாம்.

1891 முதல் யந்திரமில்லாத சறுக்கு விமானத்தில் பறந்தார். வில்லோ மரக் கொம்புகளில் துணி போர்த்திய இறக்கை. நடுவே தொங்கும் மனிதர். உடலை இப்புறமும் அப்புறமும் அசைப்பதே சுக்கான். ஆயினும் அவரை அவசரக்காரர் என எண்ணவேண்டாம். முதலில் வீட்டுப் புறத்தில் தாழ்ந்த பலகையிலிருந்து குதித்துப் பழகினார். படிப்படியாகவே உயரத்தைக் கூட்டினார். 1894இல் பெர்லினுக்கு அருகே சுமார் 15 மீட்டர் உயரமுள்ள மண்குன்றைக் கூம்புபோல் எழுப்பினார். காற்று எத்திசையில் வீசினும் அதனை எதிர்கொண்டு ஓடிக் கிளம்பவே அவ்வடிவம். இறங்கும்போது உடலைப் பின்னே சாய்ப்பார். முன்புறம் நிமிர்ந்து வேகம் தணிய, பறவைபோல் காலூன்றுவார். விழுந்தால் அடிதாங்க முன்னே ஒரு வளையமும் அமைத்தார். ஒரு முறை அதுவே அவரைக் காத்தது.

இவ்வாறு ஏறத்தாழ 2000 முறை பறந்தவரையும் காற்று ஏமாற்றிற்று. 1896 ஆகஸ்ட் 9ஆம் தேதி, ஷ்டோல்ன் ஊருக்கு அருகிலுள்ள குன்றிலிருந்து பறந்துகொண்டிருந்தார். புயலுமில்லை, மழையுமில்லை. வெயிலில் சூடேறிய நிலத்திலிருந்து திடீரென எழுந்த காற்று இறக்கையை நிமிர்த்திற்று என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். விமானம் அந்தரத்தில் வேகமிழந்து நின்றது. கால்களை முன்னே வீசியும் அதன் மூக்குத் தாழவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததில் கழுத்து முறிந்தது. மறுநாள் பெர்லினில் உயிர் துறந்தார். அப்போது வயது 48.

இச்செய்தி அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரரை எட்டியது. உடலசைவு மட்டும் போதாதெனக் கண்ட அவர்கள், முன்னே அசையும் சிறு இறக்கையும், முறுக்கக்கூடிய பெரிய இறக்கைகளும் செய்தனர். பழகுவதற்கு, விழுந்தாலும் மெத்தென்றிருக்கும் கிட்டி ஹாக் மணற்பரப்பைத் தேடி 1900இல் சென்றனர்.