மெரினாவில் செல்ஃபி எடுக்குறீங்களா? பின்னாடி நிக்கிற கட்டடத்தோட ஹீரோ இவர்தான்!

உத்திரமேரூர் சுந்தர வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கீங்களா? நின்ற, அமர்ந்த, கிடந்த கோலம்னு ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூணு சந்நிதி. படியேறும்போது, 'இவ்வளவு எடையைக் கீழ்ச்சுவர் எப்படித் தாங்குது?'னு ஒரு தடவையாவது யோசிச்சிருப்பீங்க. கட்டடக் கலைஞர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி அது.

இரண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டிருந்த 1942-ல், ஜெர்மனியில் 'ஆந்திரேயாஸ் ஷ்லூட்டர்'னு ஒரு படம் வந்தது. பெர்லின் அரண்மனையைக் கட்டிய நிஜ மனிதரின் கதை. அவர் எழுப்பிய நாணயச்சாலைக் கோபுரம் நிலைகுலைய, 1706-ல் அதை இடிக்க வேண்டியதாச்சு. பதவியும் போச்சு.

நம்ம ஊர்லயும் இப்படிப் படமா எடுக்கக்கூடிய ஒரு வாழ்க்கை இருக்கு. அவர் ராபர்ட் சிசோம். 1840-ல் லண்டனில் பிறந்தவர்.

போட்டியில் ஜெயிச்சு வந்தவர்

1864-ல் மாநிலக் கல்லூரிக்குக் கட்டடம் வடிவமைக்கப் போட்டி வெச்சாங்க. அப்போ கல்கத்தாவில் வேலை பார்த்துக்கிட்டிருந்த சிசோமின் வரைபடம் ஜெயிச்சது. வயசு இருபத்துச் சொச்சம்தான்! அப்புறம் சென்னைதான் அவரோட களம். 1870-ல் கல்லூரி புதுக் கட்டடத்துக்குக் குடிவந்தது. அடுத்து, 1874-ல் தொடங்கி 1879-ல் முடிஞ்சது பல்கலைக்கழக செனட் ஹவுஸ். மேற்கத்திய பாணியோட நம்ம ஊர் பாணியும், இஸ்லாமியக் கட்டடக்கலையும் கலந்த அந்தக் கலவைக்குப் பேர்தான் இந்தோ-சாரசெனிக்.

திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தைக் கட்டினப்போ, கேரள வீடுகளின் சரிவுக் கூரையையும் மரவேலையையும் அதில் கொண்டுவந்தார். சென்னை கலைப்பள்ளிக்கும் தலைமை வகிச்சார்.

பயந்தவர் விட்ட இடத்தில்

கதையோட திருப்பம் பரோடாவில். அங்கே லட்சுமி விலாஸ் அரண்மனையை வடிவமைச்சவர் மேஜர் சார்லஸ் மான்ட். ஒரே நேரத்தில் பல அரண்மனைகள் அவர் தலையில். தன் கணக்குகள் தப்பு, கட்டடங்கள் இடிஞ்சு விழுந்துடும்ங்கிற பயம் அவரை வாட்டியதாகச் சொல்வாங்க. 1881-ல், வேலை பாதியில் இருக்கும்போதே இறந்துட்டார்.

அந்தப் பொறுப்பு சிசோம் கைக்கு வந்தது. யோசிச்சுப் பாருங்க... வடிவமைச்சவரே நம்பாத ஒரு கட்டடம். விழுந்தா, பழி முடிச்சவர் மேலதான். சிசோம் பின்வாங்கலை. 1890-ல் அரண்மனை முடிஞ்சது. இன்னிக்கும் கம்பீரமா நிக்குது. மான்ட்டின் இன்னொரு படைப்பான கோலாப்பூர் புது அரண்மனையும் விழலை.

ஆக, அந்தக் கணக்குல தப்பே இல்லை. அதைப் பார்க்கத்தான் மான்ட் உயிரோட இல்லை.

சிசோம் 1915-ல் காலமானார். பரீட்சை, இன்டர்வியூ, ப்ராஜெக்ட்னு 'நான் போட்டது தப்பாயிருக்குமோ'னு நீங்க தனியா உடைஞ்சுபோற ராத்திரியில் மான்ட்டை நினைச்சுக்கோங்க. அந்தக் கணக்கை இன்னொருத்தர்கிட்ட காட்டுங்க. பெரும்பாலும் அது நீங்க பயந்த அளவுக்கு மோசமா இருக்காது.