ஒரு தீபாவளி, இரண்டு பாட்டு!

உங்களில் தபால் தலை சேர்ப்பவர்கள் இருப்பீர்கள். பழைய நாணயம், தீப்பெட்டிப் படம், கிரிக்கெட் வீரர் அட்டை என்று சேர்ப்பவர்களும் இருப்பீர்கள். இப்போது சினிமாப் பாட்டுச் சேர்ப்பவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! அப்பாவின் கேசட் டப்பா, அக்காவின் பென் டிரைவ், உங்கள் செல்போன் எல்லாம் பாட்டால் நிரம்பி வழிகிறதா? சரி, அதில் ஏ.எம்.ராஜாவின் பாட்டு எத்தனை இருக்கிறது?

ஒன்றுகூட இல்லையா? அடடா! அவர் நம் பக்கத்தில் வளர்ந்தவர் ஆயிற்றே!

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தோலும் ஷூவும்தான் ஞாபகம் வரும். பிரியாணி அப்புறம்! பாட்டு யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் வேலூரைத் தலைநகராக வைத்திருந்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், ரேணுகாபுரம் என்ற ஊரில்தான் இந்த இசையமைப்பாளர் சிறுவனாக ஓடி விளையாடினார். அந்த ஊர் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது.

பிறந்தது அங்கல்ல. 1929 ஜூலை 1-ஆம் தேதி, சித்தூர் மாவட்டம் ராமாபுரத்தில் பிறந்தார். வீட்டில் பேசியது தெலுங்கு. கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அதன்பின் குடும்பம் ரேணுகாபுரத்துக்கு வந்தது. தெலுங்கில் தாலாட்டு, தமிழில் பள்ளிக்கூடம்! எல்லையோரத்தில் இருக்கும் உங்களில் பலருக்கு இது புதிதல்ல. வீட்டில் உருதோ தெலுங்கோ பேசிவிட்டு, தெருவில் இறங்கியதும் தமிழுக்கு மாறுகிறீர்களே, அதே கதைதான். பின்னாளில் அவர் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பல மொழிகளில் பாடினார். இந்தியிலும் சிங்களத்திலும்கூடப் பாடியிருக்கிறார்.

கல்லூரிப் படிப்புக்குச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். பாட்டுப் போட்டி எங்கே நடந்தாலும் ராஜா அங்கே! மாணவராக இருந்தபோதே தானே எழுதி, தானே மெட்டமைத்த தெலுங்குப் பாட்டுகள் ஹெச்.எம்.வி. இசைத்தட்டாக வந்துவிட்டன. 1951-இல் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசன் எடுத்த 'சம்சாரம்' படத்தில் அவர் பாடிய பாட்டு ஊரெங்கும் ஒலித்தது.

ராஜாவின் குரல் எப்படி இருக்கும் தெரியுமா? உரக்க முழங்காது. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கதை சொல்வதுபோல் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பழைய உருது கஜல் கேட்கும் தாத்தா யாராவது இருந்தால், தலத் மஹ்மூத் என்று ஒரு பெயரைச் சொல்வார். லக்னோவில் பிறந்த அந்தப் பாடகரின் குரலோடுதான் ராஜாவின் குரலை ரசிகர்கள் ஒப்பிடுவார்கள். இருவரும் பாடியதை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஏன் என்று உங்களுக்கே புரியும்.

உங்கள் சேமிப்பை எங்கே தொடங்கலாம்? 1955-இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் தொடங்குங்கள். இசை எஸ்.ராஜேஸ்வர ராவ், ராஜா பாடகர் மட்டும்தான். அதில் பி.லீலாவோடு சேர்ந்து நிலாவைக் கூப்பிடும் பாட்டு ஒன்று இருக்கிறது. எழுபது வருஷம் ஆகியும் அது வாடவில்லை. அடுத்து 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956). வண்ணத்தில் வந்த எம்.ஜி.ஆர். படம். இசை எஸ்.தட்சிணாமூர்த்தி. இதில் எம்.ஜி.ஆருக்கு ராஜா குரல் கொடுத்திருக்கிறார், எதிரே பானுமதி. எம்.ஜி.ஆர். என்றாலே டி.எம்.எஸ். குரல் என்று நினைத்திருப்பீர்கள், கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்!

இந்த இரண்டும் தொடக்கம்தான். ராஜா மற்றவர்களுக்குப் பாடிக்கொண்டே இசையமைப்பாளர் ஆகும் நாளுக்குக் காத்திருந்தார். 1958-இல் 'சோபா' என்ற தெலுங்குப் படம் அந்த வாய்ப்பைக் கொடுத்தது. மறு ஆண்டு தமிழில் 'கல்யாணப் பரிசு' வந்தது.

அதுவரை கதை, வசனம் எழுதிக்கொண்டிருந்த ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம் இது. ராஜா தமிழில் இசையமைத்த முதல் படமும் இதுதான். பாட்டெழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். எல்லாரும் இளைஞர்கள்! படம் 1959 ஏப்ரலில் வெளியானது, பாட்டுகள் தமிழ்நாட்டைச் சுற்றி வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் பட்டுக்கோட்டையார் இறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 29-தான்.

இந்தப் படத்தை மட்டும் அவசரமாகக் கேட்காதீர்கள் குட்டீஸ். உட்கார்ந்து கேளுங்கள்.

கதை இதுதான். அக்காள் தங்கை இருவர். இருவரும் ஒரே மனிதரை விரும்பிவிடுகிறார்கள். அக்காவுக்காகத் தங்கை விட்டுக்கொடுக்கிறாள். முதலில் ஒரு தீபாவளி வருகிறது. பட்டாசு, மத்தாப்பு, சிரிப்பு. பி.சுசீலா துள்ளலாகப் பாடுகிறார். பின்னால் இன்னொரு தீபாவளிப் பாட்டு வருகிறது. ஊருக்குப் பண்டிகை, அந்த வீட்டுக்கு அழுகை. ஏறக்குறைய அதே மெட்டுதான், ஆனால் நடை தளர்ந்து போயிருக்கும். சுசீலா சிரித்த இடத்தில் ராஜாவின் குரல் தழுதழுக்கும். முதல் பாட்டை மட்டும் வைத்திருப்பவருக்கு அது ஒரு பண்டிகைப் பாட்டு. இரண்டாவதையும் கேட்டவருக்கோ, அடுத்த முறை முதல் பாட்டைக் கேட்கும்போதே தொண்டை அடைக்கும்!

அதனால்தான் சொல்கிறேன், பாட்டைத் தனித்தனியாகப் பொறுக்காதீர்கள். படம் படமாகச் சேருங்கள். கதையில் வருகிற வரிசையிலேயே கேளுங்கள். நல்ல இசையமைப்பாளர் ஒரு படத்தின் பாட்டுகளை ஒரே குடும்பம்போல் வளர்த்திருப்பார். அதில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் அது அநாதையாக நிற்கும்.

இதே படத்தில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே ஜெமினி கணேசனும் சரோஜாதேவியும் பாடும் பாட்டும் இருக்கிறது. சைக்கிள் மிதிக்கும் வேகத்துக்கும் தாளத்துக்கும் பொருத்தம் பாருங்கள்! (தங்கவேலு அடிக்கும் மன்னார் அண்ட் கம்பெனி கூத்து வயிற்றைப் புண்ணாக்கும். அது பாட்டல்ல என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

தாளம் என்றதும் தோல் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. அந்தக் காலப் பாட்டுகளில் தாளத்தைத் தாங்குவது பெரும்பாலும் தபேலா. அதன் முகத்தில் கட்டியிருப்பது ஆட்டுத்தோல். அப்படியானால் ஆம்பூர் தோல் ஷாப்பில் பதனிட்டு எடுத்த தோலைத் தபேலாவுக்குக் கட்டலாமா?

கூடாது! ஷூவுக்கு வேண்டியது மிருதுவாக வளையும் தோல். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், பிறகு குரோம் வந்தது. எப்படிப் பதனிட்டாலும் தோல் மெத்தென்று ஆகிவிடும். அதில் தட்டினால் சத்தம் தொப் என்று அமுங்கிப்போகும். தபேலாவுக்கோ விறைப்பாக இழுத்துக் கட்டினால் கணீரென்று பேசுகிற தோல் வேண்டும். அதனால் முடியை நீக்கிக் காயவைத்த, பதனிடாத தோலைத்தான் கட்டுவார்கள். வீட்டில் தோல் வேலை தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இன்னும் நன்றாக விளக்குவார்கள்.

மறுபடி ராஜாவிடம் போவோம். 'கல்யாணப் பரிசு' 1960-இல் தெலுங்கில் 'பெள்ளி கானுக'வாக வந்தது. அதற்கும் அவரே இசை. 1961-இல் இந்தியில் 'நஸ்ரானா' ஆனது. அங்கே இசை ரவி. அந்தப் படத்திலும் தீபாவளி இரண்டு முறை வரும். மகிழ்ச்சிக்கு லதா மங்கேஷ்கர், துக்கத்துக்கு முகேஷ். ஒரே காட்சியை இரண்டு இசையமைப்பாளர்கள் எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று அறிய இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. அதையும் உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'தேன் நிலவு' (1961). ஸ்ரீதர் காஷ்மீருக்கே போய் எடுத்த படம். ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா நடித்தது. கண்ணதாசன் பாட்டுகள். 'கல்யாணப் பரிசு' கண்ணீர் என்றால் இது பனிக்காற்று! மேல்நாட்டுத் துள்ளலும் இருக்கிறது, தாலாட்டுவதுபோன்ற மெல்லிய பாட்டும் இருக்கிறது. அழ வைத்த அதே மனிதர்தானா இது என்று தோன்றும். இரண்டு படத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், என் ஓட்டு 'கல்யாணப் பரிசு'க்குத்தான். ஆனால் மழை நாளில் என்னைக் கேட்டால் 'தேன் நிலவு' என்று மாற்றிச் சொன்னாலும் சொல்வேன்!

1962-இல் 'ஆடிப் பெருக்கு'. இதில் ராஜாவும் சுசீலாவும் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கிக்கொண்டே பாடும் ஒரு பாட்டு உண்டு. அவசரமே இல்லாத பாட்டு. இரவு விளக்கை அணைத்த பிறகு கேளுங்கள்.

இவ்வளவு வெற்றிக்குப் பிறகு ராஜா இன்னும் ஐம்பது படத்துக்காவது இசையமைத்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. 'தேன் நிலவு'க்குப் பின் ஸ்ரீதரின் படங்களுக்கு விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தார்கள். ஜெமினி கணேசனின் குரலாக பி.பி.ஸ்ரீநிவாஸ் வந்தார். 1961-இல் வந்த 'பாவ மன்னிப்பு' படத்தில் வசந்தத்தைப் பற்றி அவர் பாடியதைக் கேட்டால், இவரும் மென்குரலில் மன்னர்தான் என்று ஒப்புக்கொள்வீர்கள். ராஜாவைத் தேடி வந்த படங்கள் குறைந்தன. தான் நினைத்தபடி பாட்டு அமையவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதவர், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுபவர் என்று திரையுலகில் அவருக்குப் பெயர் இருந்தது. பாட்டு அருமையாக அமைந்ததற்கும், வாய்ப்புக் குறைந்ததற்கும் அந்த ஒரே குணத்தைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு.

ஆனால் பக்கத்து மாநிலம் அவரைக் கைவிடவில்லை. மலையாளத்தில் தொடர்ந்து பாடினார். 'பார்யா' (1962) படத்துக்காக பெரியாற்றைக் கூப்பிட்டு அவரும் சுசீலாவும் பாடிய பாட்டைக் கேரளத்தில் இன்றும் முணுமுணுக்கிறார்கள். ஜி.தேவராஜன் இசை. பாலாற்றைப் பார்த்து வளர்கிற நீங்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஓர் ஆற்றைப் பற்றி இவ்வளவு ஆசையாகவும் பாடலாமா என்று இருக்கும்.

வீட்டில் அவருக்குத் துணையும் ஒரு பாட்டுக்காரரே. கூடவே பாடிவந்த பின்னணிப் பாடகி ஜிக்கியைத் திருமணம் செய்துகொண்டார். படங்கள் குறைந்தபோது இருவரும் மேடைக் கச்சேரிகளில் பாடினார்கள். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்ப்படம் மறுபடி அவரைக் கூப்பிட்டது. 'ரங்கராட்டினம்' (1971) படத்தில் வி.குமார் இசையில் அவர் பாடியதைச் சேருங்கள். பத்து வருஷ இடைவெளிக்குப் பிறகும் குரல் அப்படியே இருக்கிறது. ஓர் இழைகூடக் கரகரக்கவில்லை! 'வீட்டு மாப்பிள்ளை' (1973) போன்ற படங்களுக்கு மறுபடி இசையும் அமைத்தார். பழைய அலை திரும்ப எழவில்லை.

1989 ஏப்ரல் 8. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கோவில் கச்சேரிக்காகக் குழுவினரோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். வழியில் வள்ளியூர் நிலையத்தில் இறங்கினார். ரயில் நகரத் தொடங்கியதும் ஏற முயன்றவர் தவறி விழுந்துவிட்டார். அங்கேயே உயிர் பிரிந்தது. அறுபது வயது நிறைய மூன்று மாதம்கூட இல்லை. அவர் வளர்ந்த வட ஆர்க்காடு மாவட்டமும் அதே ஆண்டில்தான் இரண்டாகப் பிரிந்தது. ஜிக்கி 2004-இல் காலமானார்.

சரி, பட்டியல் தயார்தானே? இப்போது ஒரு நோட்டு எடுங்கள். படத்தின் பெயர், ஆண்டு, இசை, பாட்டெழுதியவர், பாடியவர்கள் என்று ஐந்து கட்டம் போடுங்கள். நடிகர் பெயரைக் கடைசியில் எழுதினால் போதும்! செல்போனில் தேடும்போது பாட்டெழுதியவர் பெயர் பல இடங்களில் விடுபட்டிருக்கும். படத்தின் தொடக்கத்தில் ஓடும் எழுத்துகளைப் பார்த்து அதை நிரப்புங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாவது தடவை சரணங்களுக்கு நடுவே வருகிற இசையை மட்டும் கேளுங்கள். எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது என்று கட்டத்துக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

தாத்தா பாட்டி வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுக் கிடைத்தால் உங்களுக்கு யோகம்தான். கனமாக, கறுப்பாக, நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற தட்டு என்றால் கவனம்! அது அரக்கு சேர்த்துச் செய்தது. மரத்தில் அரக்குப் பூச்சிகள் சுரக்கிற அதே அரக்குதான். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் பாடும். கீழே போட்டால் கண்ணாடிபோல் உடையும். மெல்லிய, உலர்ந்த துணியால் வட்ட வாக்கில் துடையுங்கள். அழுக்குப் போகவில்லையே என்று ஸ்பிரிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அரக்கு கரைந்து, பாட்டும் அதோடு போய்விடும்!